மூக்கக்காவும் என் இருமலும்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே ஒரு மூக்குதான் இருந்தது. மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் மூக்குத்தி போட்டுக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். அந்த ஒரே மூக்கு பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின்சந்தில், மாவு படிந்த ஒரு முகத்தின் நடுவே குடியிருந்தது. அதன் சொந்தக்காரரை நாங்கள் மூக்கக்கா என்று கூப்பிட்டோம். அடையாள அட்டையில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

இந்தப் பக்கத்தில் வாராவாரம் பன், கேக் செய்முறை எழுதுகிற சாந்தி நான்தான். எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே புகார்தான் வருகிறது. எத்தனை நிமிடம் வேகவைப்பது என்று நான் எழுதுவதே இல்லையாம். என்னை நம்பி மூன்று கேக்கைக் கரியாக்கிவிட்டதாக ஒரு வாசகி போன வாரம் சாபமே கொடுத்திருந்தார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் சத்தியமாக எனக்கு நிமிடக் கணக்கு தெரியாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கடிகாரத்தைக் கடைக்குள் விட்டதே இல்லை. ஆகவே இந்த வாரம் செய்முறை கிடையாது, அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்த பிறகும் திட்டத் தோன்றினால் திட்டுங்கள்.

அது பெண்களுக்கான பேக்கரி. வேலையும் கொடுப்பார்கள், தொழிலும் கற்றுக்கொடுப்பார்கள். அங்கே வந்து சேர்ந்தவர்களில் இரண்டு வகை உண்டு. கணவர் விட்டுப் போனவர்கள், போகாத கணவரை விட்டு வந்தவர்கள். நான் முதல் வகை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். முதலில் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு மாதம் ஒன்று, பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை. பதினேழு வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை "உனக்கு என்ன தெரியும்". அதைக் கேட்டுக் கேட்டு, அவர் போன பிறகும் ஜன்னலைத் திறக்கலாமா என்று காலி வீட்டைப் பார்த்துக் கேட்கிறவளாகிவிட்டேன்.

செந்தூல் பிளாட்டில் என் பக்கத்து வீட்டுக்காரி ஜரீனா. கணவர் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி போட்டவர், நெஞ்சுவலியில் போய்விட்டார். எனக்கு முன்பே அந்தப் பேக்கரியில் சேர்ந்திருந்த அவள்தான் என்னையும் அங்கே அனுப்பினாள். போன முதல் நாள் நல்ல மழை. நான் வாசலில் நிற்கிறேன். உள்ளே ஓர் அம்மாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவு சலிக்கிறார். திரும்பாமலே சொன்னார்: "செந்தூல். நனைஞ்சிருக்க. காலையில ஒண்ணும் சாப்பிடல. உள்ள வந்து உக்காரு." செந்தூலுக்குக்கூடத் தனி வாசம் உண்டா என்று பல நாள் யோசித்தேன். அது மட்டும் மூக்கு வேலை இல்லை, ஜரீனா போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். மற்ற இரண்டும் மூக்குதான்.

எங்களோடு வேலை செய்த பத்மா, செலாயாங் பாசாரில் காய்கறி கழுவிக்கொண்டிருந்தவள். அவள் புருஷன் சம்பள நாளில் கடை வாசலுக்கு வந்து நிற்பான். வாசலில் இருக்கும் அவனுக்கும் ஓவனருகே இருக்கும் மூக்கக்காவுக்கும் நடுவே பன் வேகும் வாசம், பக்கத்துக் கடைச் சாம்பிராணி, எதிர்ச்சாக்கடை எல்லாம் உண்டு. அத்தனையையும் தாண்டி அவர் கேட்பார், நேற்றுக் குடித்ததா இன்று குடித்ததா என்று. நேற்று என்பான் அவன். "நேத்து குடிச்சதும் இருக்கு, இன்னிக்குக் குடிச்சதும் இருக்கு" என்பார் இவர். நான்கு மாதம் வந்து பார்த்துவிட்டு அவன் வருவதையே நிறுத்திக்கொண்டான்.

ஒரு தடவை சுத்தம் பார்க்கிற அதிகாரி வந்தார், நம் தமிழ்ப் பையன்தான். கோப்பும் பேனாவுமாக உள்ளே காலடி வைத்ததும் அக்கா அவரை நிறுத்தி, மத்தியானம் மீன் தலைக்கறி சாப்பிட்டுவிட்டுக் கையைச் சரியாகக் கழுவவில்லை, சோப் அந்தப் பக்கம் இருக்கிறது என்றார். அவர் போய் முழங்கை வரை கழுவிவிட்டு வந்தார். அன்று எங்கள் கடைக்கு ஒரு குறையும் எழுதவில்லை. எழுத அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

நல்ல மனதுக்காரர்கள் சிலர் சேர்ந்து எங்களுக்கு ஒரு டைமர் வாங்கி, ரிப்பன் கட்டிப் பரிசளித்தார்கள். அக்கா சிரித்தபடி போட்டோவுக்கு நின்றார். அவர்கள் கார் சந்து திரும்பியதும் அதைப் பக்கத்துப் பூக்கடை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அந்த அண்ணன் மதியத் தூக்கத்துக்கு வைத்துக்கொண்டார். தினமும் மூன்று மணிக்கு அது அலறும், அவர் எழுந்து மல்லிகைக்குத் தண்ணீர் தெளிப்பார். அதற்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று அக்காவுக்குத் திருப்தி.

எங்கள் ஓவன், கடையை மூடிவிட்டுப் போன ஒரு சீனக் கிழவரிடம் வாங்கியது. சூடு காட்டும் முள் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. கதவு முழு இரும்பு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பாதியில் திறந்து எட்டிப் பார்த்தால் பன் அமுங்கிப்போகும். வாசத்தை வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதில் அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். "எடுக்கலாமா அக்கா" என்று யாரும் கேட்கக் கூடாது. "எடு" என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது கேட்டுவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்பார். அந்தத் தட்டு கரியாகும்வரை கதவைத் தொடமாட்டார், யாரையும் தொடவும் விடமாட்டார். கருகின பன் முழுவதும் கேட்டவளுக்கு.

அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது, ஒரே ஒரு நாள்தான் சொன்னார். சின்ன வயதில் அவர் கிள்ளானில் ஒரு பிஸ்கட் ஆலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்தவர். ஓவன் பக்கம் ஆண்கள் மட்டும்தான். தூரத்தில் நின்றே இவருக்கு வெந்துவிட்டது தெரிந்துவிடும். எடுக்கலாமா சார், எடுக்கலாமா சார் என்று பத்தொன்பது வருஷம் கேட்டாராம். உன் வேலை பெட்டி கட்டுவது என்பதுதான் பத்தொன்பது வருஷமும் கிடைத்த பதில். "கேட்டுக்கேட்டு என் வாயே தேஞ்சுபோச்சு" என்றார்.

பயிற்சியின் கடைசியில் ஒரு பரீட்சை. பின்கதவைத் திறந்து, சந்தைப் பார்த்து, ஓவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சரியான நேரத்தில் "எடு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து சரியாகச் சொன்னால் கடைச் சாவி ஒன்று கையில் கிடைக்கும். பிறகு தனிக்கடை வைத்தாலும் கல்யாண கேக் செய்யப் போனாலும் சாவி அவளுடையதுதான். எந்த நேரத்திலும் வந்து கதவைத் திறந்து உள்ளே உட்காரலாம். சில பேருக்கு அப்படி உட்கார ஓர் இடம் அவசியமாக இருந்தது. எத்தனை சாவி வெட்டினார் என்றால், அக்கா நீங்கள் கடை நடத்துகிறீர்களா ஆசிரமம் நடத்துகிறீர்களா என்று சாவிக்கடைக்காரரே கேட்டுவிட்டார்.

ஜரீனா நான்கு மாதத்தில் சாவி வாங்கினாள். பத்மா ஆறு மாதம். நான் மூன்று வருஷம் நின்றேன். என் மூக்கில் ஒரு குறையும் இல்லை, வாய்தான் வராது. வாசம் தெரியும், தெரிந்தது சரிதானா என்று சந்தேகம் வரும், "எடு" என்று ஆரம்பித்த வார்த்தை "எடுக்கலாமா அக்கா" என்று போய் முடியும். அக்கா கையைக் கட்டிக்கொள்வார். சாயங்காலம் கருகின பன் பையோடு நான் செந்தூலில் இறங்குவேன். லிஃப்டில் வருகிறவர்கள் என் பையைப் பார்த்துவிட்டு, இன்றும் கேட்டாயா என்று விசாரிப்பார்கள். பிளாட்டுப் புறாக்கள் அந்த மூன்று வருஷத்தில் நன்றாகத் தேறிவிட்டன.

பிறகு கோவிட் வந்தது. கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அந்த மாதங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எல்லாருக்கும் அவரவர் கணக்கில் அது இருக்கிறது. அக்காவுக்கும் வந்து, கிள்ளானில் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடை திறந்த நாளில் பாதி ஆளாகத் திரும்பி வந்தார். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. ஆனாலும் முதல் கொமுட்டர் ரயிலைப் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்து ஓவனை மூட்டியிருந்தார்.

மூன்றாவது நாள் அது நடந்தது. நான் முன்னால் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன். கருகும் நாற்றம் வந்தது. யாரோ கேட்டுவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நாற்றம் கூடிக்கொண்டே போனது. உள்ளே ஓடினேன். ஓவன் இடுக்கெல்லாம் புகை. அக்கா அதற்கு ஓரடி தள்ளி, தேங்காய்ப்பூவைச் சீனியில் கலந்துகொண்டு நிம்மதியாக நிற்கிறார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். புகையைப் பார்த்தார். பிறகு, ஓவன் கெட்டுப்போய்விட்டது, ஆளைக் கூப்பிடு என்றார்.

ஆள் வந்து பார்த்துவிட்டு ஓவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளும் ஒரு தட்டு போனது. ஜரீனாவும் நானும் பின்சந்தில் குப்பைத் தொட்டியருகே நின்று குசுகுசுவென்று பேசினோம். டைமரைப் பூக்கடையிலிருந்து திரும்ப வாங்கலாம் என்றேன். ஜரீனா என்னை முறைத்தாள். "டைமர் வந்துச்சுன்னா நாளைக்கே அக்கா வராது லா. மூக்கு இல்லாம அது எதுக்கு இங்க வரணும்?" அவள் சொன்னது உண்மை. அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை. கிள்ளானில் தங்கை மகள் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது. மற்றபடி இந்தக் கடைதான்.

அதற்கடுத்த நாள் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பன் வெந்துவிட்ட வாசம் வந்துவிட்டது. அக்கா ஓவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. "எடு" என்று நான் சொன்னால் எல்லார் முன்னாலும் அவர் மூக்கு உடைபடும். சொல்லாவிட்டால் பன் கருகும். சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தொண்டையில் மாவுத்தூசி சிக்கி, இருமிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். ஒரு கண்ணிமைப்பு நேரம்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாடையைத் தூக்கி, எப்போதும் போலக் காற்றை ஆழமாக இழுத்து, "எடு" என்றார். பத்மா கதவைத் திறந்தாள். பன் பொன்னிறமாக இருந்தது.

அன்றிலிருந்து நான் இருமினேன். இரண்டு வருஷம் இருமினேன். வாசம் வந்ததும் ஓர் இருமல், அக்கா தாடையைத் தூக்குவார், காற்றை இழுப்பார், "எடு". புதிதாக வந்த பெண்கள் வாயைப் பிளந்து அவரைப் பார்ப்பார்கள். எங்களுக்குள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்கு நிஜமாகவே சளி பிடித்த வாரத்தில்தான் செத்துப் பிழைத்தேன். இருமல் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாவு பிசைந்தேன்.

ஆனால் வாடிக்கையாளர்கள் இருமலை யாரால் தடுக்க முடியும்? சிகரெட் அங்கிள் என்று ஒருவர் தினமும் காலையில் சீனி பன் வாங்க வருவார். அவர் நெஞ்சு ஒரு பழைய லோரி. அன்று ஒரு கல்யாண வீட்டுக்குப் பெரிய ஆர்டர் உள்ளே வெந்துகொண்டிருந்தது. அங்கிள் வாசலில் நின்று இருமினார். "எடு" என்றார் அக்கா. மறுபடி இருமினார். அடுத்த தட்டுக்கும் "எடு". மூன்றாவது தடவை நான் ஓடிப்போய் அங்கிளைக் கையைப் பிடித்துச் சந்து முனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதற்குள் இரண்டு தட்டுப் பச்சை மாவு வெளியே வந்துவிட்டது. அத்தனையையும் மறுபடி போட வேண்டியிருந்தது. கல்யாண வீட்டார் பன்னைப் பிற்பகலில்தான் பார்த்தார்கள்.

மறுநாள் ஜரீனா வாசலில் ஒரு போர்டு மாட்டினாள். இருமல் உள்ளவர்கள் உள்ளே வரவேண்டாம், வெளியே நின்று வாங்கிக்கொள்ளவும். கோவிட்டுக்குப் பிறகும் இவ்வளவு கவனமாக ஒரு கடை இருக்கிறதே என்று ஊரே பாராட்டியது. ஒருவர் போட்டோ எடுத்துப் போட்டு நூறு பேர் கைதட்டல் போட்டார்கள். எங்களுக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை.

அந்தப் போர்டே எங்களை மாட்டிவிட்டது. அதே அதிகாரிப் பையன் மறுபடி பரிசோதனைக்கு வந்தார். இந்த முறை தானாகவே முழங்கை வரை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அந்த நேரம் பார்த்து முதல் தட்டு வெந்தது. நான் இருமினேன். அக்கா "எடு" என்றார். இரண்டாவது தட்டுக்கும் அப்படியே. அதிகாரி என்னைப் பார்த்தார், என் கைக்குக் கீழே இருந்த மாவைப் பார்த்தார். வாசலில் நீங்களே போர்டு போட்டிருக்கிறீர்கள், உள்ளேயே ஒருவர் மாவு மேல் இருமுகிறாரே என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் உடனே கையைக் கழுவிவிட்டு வெளியே போக வேண்டும், கிளினிக் சீட்டு வாங்காமல் கடைக்குள் வரக்கூடாது, அதுவரை வேலையை நிறுத்தி வைக்கவேண்டும் என்றார். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார்.

என்னால் என்ன சொல்ல முடியும்? நான் நோயாளி இல்லை என்றால் ஏன் இருமுகிறேன் என்று கேட்பார். கையைக் கழுவிக்கொண்டு பின்கதவு வழியே சந்தில் போய் நின்றேன். உள்ளே பார்க்கத் தைரியம் இல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது தட்டு உள்ளே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் வாசம் என்னைத் தேடிக்கொண்டு வந்தது. வெண்ணெய், பிறகு சீனி, பிறகு அந்தச் சின்னக் கசப்பு, அதுதான் நேரம். நான் இருமினால் அதிகாரி எழுதுவார். உதட்டைக் கடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அக்கா தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பது முதுகுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்தது.

பிறகு அக்காவின் குரல் கேட்டது. அதிகாரி, ஜரீனா, பத்மா, புதிதாக வந்த இரண்டு பெண்கள், எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"சாந்தி, எடுக்கலாமா?"

அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அங்கே கேட்ட யாரும் தண்டனையிலிருந்து தப்பாத கேள்வி அது. எனக்குக் கண் மறைத்தது. சந்தில் போன பூக்கடை அண்ணன் நின்று என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என் வாழ்நாளில் முதல் தடவையாக, சத்தமாக, "எடு" என்றேன். உள்ளே இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா அதிகாரியிடம் நிதானமாகச் சொன்னார். "அவளுக்கு ஒரு நோயும் இல்ல பாஸ். எனக்குத்தான் மூக்கு போச்சு. எனக்காகத்தான் இருமுறா." அந்தப் பையன் பேனாவை மூடினார். மறுபடி போய்க் கையைக் கழுவினார். ஏன் கழுவினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று கடைசித் தட்டுவரை அக்கா வேலை செய்தார். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னேன். சாயங்காலம் ஏப்ரனைத் துவைத்துக் காயப்போட்டார். தன் சாவியைக் கழற்றி மேஜையில் என் பக்கம் தள்ளினார். பரீட்சை ஒரு நாள்தானே அக்கா ஆகியிருக்கிறது, மூன்று நாள் வேண்டுமே என்று நான் உளறினேன்.

"ரெண்டு வருஷமா இருமுனியே, அது போதாதா?"

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் செய்தால் தங்கை மகள் எடுத்து, பெரியம்மா இனி வரமாட்டார்கள் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். நாலாவது மாடி, ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேஸ் கசிந்தாலும் தெரியாது என்று அவரை அடுப்படிக்குள் விடுவதில்லையாம். சோறும் கறியும் வாயில் ஒரே மாதிரி, ஈரத்துணி மாதிரி இருக்கிறது என்றார். கொண்டுபோன தேங்காய் பன்னைக் கொடுத்தேன். பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார், சட்டென்று இறக்கினார். கொஞ்சம் கடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். மூக்கு இருந்த காலத்தில் ஒரு நாளும், ஒருத்தியிடமும், ஒரு பன்னைப் பற்றியும் நல்லா இருக்கு என்று சொன்னவரில்லை அவர். திரும்பி வரும்போது ரயிலில் அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். இந்தத் தடவை பன் பெட்டியை அவர் மடியில் வைத்துவிட்டுத் திறக்காமல் எதிரே உட்கார்ந்தேன். ஒரு தடவை இருமினேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, தாடையைத் தூக்கி, காற்றை ஆழமாக இழுத்து, "எடு" என்றார்.

நான் எடுத்துக் கொடுத்தேன். இப்போதும் ஞாயிறுதோறும் போய் இருமிவிட்டுத்தான் வருகிறேன்.